தங்கம் தீர்ந்தது, ரயில் தீரவில்லை: மாரிக்குப்பம் கிளைப் பாதையும் நம் மக்களும்

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை ஒரு ரயில் பாதை இருக்கிறது. மொத்த நீளம் சுமார் 16 கிலோமீட்டர். இந்திய ரயில்வே வரைபடத்தில் அதைத் தேடினால் சின்னக் கீறல் மாதிரிதான் தெரியும். கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று சில நிலையங்கள். அதற்கு மேல் தண்டவாளம் இல்லை.

இந்த நிலையங்களின் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். கோரமண்டல், உரிகம், சாம்பியன் மூன்றுமே லண்டனில் பங்கு விற்ற தங்கச் சுரங்க கம்பெனிகளின் பெயர்களில் இருந்தவை. பெயர்ப் பலகையைப் பார்த்தாலே இந்தப் பாதை யாருக்காகப் போடப்பட்டது என்று தெரிந்துவிடும். ஆனால் 130 ஆண்டுகளுக்கு மேலாக அதில் ஏறி இறங்கியவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன பறையர் குடும்பங்கள்தான் அவர்களில் பெரும்பகுதி.

கோலார் தங்கவயலைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு இன்று தெரிந்ததெல்லாம் சினிமா வழியாக வந்தது. 2018-இல் வந்த கன்னடப் படம் ஒரு தங்கவயலைக் காட்டியது. 2024-இல் பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' இன்னொன்றைக் காட்டியது. இரண்டுமே பழைய காலத்தின் கதைகள். 2001-இல் சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊர் மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதை இந்தப் படங்கள் காட்டவில்லை. அந்தக் கதை விடியும் முன் கிளம்பும் ரயிலில் இருக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். இந்தப் பாதை தங்கத்தை வெளியே கொண்டுபோகப் போடப்பட்டது. தங்கம் நின்ற பிறகு, அதே மக்களின் உழைப்பை அது தினமும் வெளியே கொண்டுபோகிறது. 'வேலைதான் போச்சு, பெங்களூருக்கு ரயில் இருக்கே' என்று சொல்லிச் சொல்லியே, தங்கவயலுக்குக் கொடுக்க வேண்டியதை ஒவ்வொரு ஆட்சியும் கொடுக்காமல் விட்டுவிட்டது. ஆகவே இந்த ரயிலை நம் உரிமையாகக் கேட்டு வாங்க வேண்டும். அதை இழப்பீடாக மட்டும் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

ஒரே ஜங்ஷன், இரண்டு தண்டவாளங்கள்

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பாதை ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு 1864-இல் திறக்கப்பட்டது. வழியில் இருந்த ஒரு நிலையத்துக்கு மைசூர் கமிஷனர் பௌரிங் பெயரால் பௌரிங்பேட்டை என்று பெயர். இன்றைய பங்காரப்பேட்டை அதுதான். 1880 வாக்கில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் தங்கவயலின் நிர்வாகத்தில் இறங்கியது. சில ஆண்டுகளில் பெரிய அளவில் தங்கம் கிடைக்கத் தொடங்கியது. அப்போது சுரங்கத்தின் இயந்திரங்கள் நீராவியில் ஓடியவை. நிலக்கரி, விறகு, இரும்பு, பாறையைத் தாங்க முட்டுக் கொடுக்கும் மரம் எல்லாம் மலைமலையாகத் தேவைப்பட்டன. அவற்றை பௌரிங்பேட்டையில் இறக்கி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது.

அதனால் 1894-இல் இந்தக் கிளைப் பாதை வந்தது. கட்டிக்கொடுத்தது மைசூர் சமஸ்தானம். மெயின் லைனில் இருந்த அதே அகலப் பாதை. சென்னைத் துறைமுகத்தில் ஏற்றிய வேகன் வழியில் எங்கேயும் சரக்கை மாற்றி ஏற்றாமல் நேராகச் சுரங்கத்து வாசலுக்கே வந்து நிற்கும்.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். அதே பங்காரப்பேட்டையிலிருந்து இன்னொரு பக்கம் கோலாருக்கு ஒரு பாதை போகிறது. கோலார் மாவட்டத் தலைநகரம். சுற்றிலும் விவசாயிகள், நெசவாளர்கள், சந்தைகள். அங்கே ரயில் வந்தது 1913-இல், தங்கவயலுக்கு 19 ஆண்டுகள் கழித்து. வந்ததும் இரண்டரை அடி அகலமுள்ள குறும்பாதை. அதை அகலப் பாதையாக மாற்ற 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தங்கத்துக்குப் பெரிய தண்டவாளம், மனிதர்களுக்குக் குட்டித் தண்டவாளம்.

மின்சாரத்திலும் இதே கதைதான். சிவசமுத்திரத்தில் தயாரான மின்சாரம் ஏறத்தாழ 90 மைல் கம்பி வழியாக 1902-இல் தங்கவயலுக்கு வந்தது. பெங்களூர் நகரத் தெருவுக்கு விளக்கு வந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து. இதைத் தங்கவயலின் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. வெளிச்சம் வந்தது சுரங்கத்துக்காக. ரயிலும் அப்படித்தான். கம்பெனிக்குத் தேவைப்பட்டால் அரசு எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதற்கு இவை இரண்டும் சாட்சி. அந்த வேகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஏறி வந்தவர்கள்

சரக்கு ரயிலாகப் போட்டதில் மனிதர்களும் வந்தார்கள். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தில் வட ஆற்காடும் சேலமும் மைசூரும் மோசமாக அடிபட்டன. பஞ்சம் முடிந்தாலும் பண்ணையடிமை முறை முடியவில்லை. சேரியில் இருந்தவனுக்கு நிலம் கிடையாது. கூலி தானியமாகத்தான் வரும், அதுவும் ஆண்டையின் இஷ்டத்துக்கு. அந்த நிலையில் மாதம் பிறந்தால் கையில் காசு கொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது என்ற சேதி குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பரவியது. ரயில் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இதை நாம் ஒரே வண்ணத்தில் தீட்டக் கூடாது. பாதை போட்டவன் நோக்கம் ஒன்று, அதில் ஏறியவன் நோக்கம் வேறொன்று. கம்பெனிக்கு மலிவான கைகள் வேண்டியிருந்தன. நம் மக்களுக்கு ஊர்த்தெரு இல்லாத ஓர் ஊர் வேண்டியிருந்தது. ஆண்டையிடமிருந்து தப்பிக்க அவர்கள் கொடுத்த விலை பெரியது. மூங்கில் தட்டியால் கட்டிய ஒற்றை அறை வீடு, வரிசை வரிசையாக 'லைன்'. மேட்டில் வெள்ளைக்காரர்களின் பங்களாக்களும் கிளப்பும், நடுவில் ஆங்கிலோ இந்தியர்கள், கீழே கூலி லைன்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. பாறை வெடிப்பில் செத்தவர்கள் போக, தூசியைச் சுவாசித்துச் செத்தவர்கள் ஏராளம். 1940-களில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு 40 பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. நூறு பேர் ஏறிய பெட்டியில் நாற்பது பேர் நுரையீரலில் கல்லைச் சுமந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு சந்தேகமும் சேர்ந்துகொண்டது. 1897-இல் மைசூர் அரசு கொண்டுவந்த சுரங்கச் சட்டம் தங்கத் துணுக்கு கையில் இருந்தாலே குற்றம் என்றது. தங்கத்தைத் தோண்டியவனே திருடனாகப் பார்க்கப்பட்டான்.

இத்தனைக்கும் நடுவே அந்த லைன்களில் ஒரு புது வாழ்க்கை உருவானது. அயோத்திதாச பண்டிதர் 1898-இல் ராயப்பேட்டையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு வலுவான கிளைகள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் அமைந்தன. 1907-இல் சென்னையில் அவர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். ராயப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ஓர் இதழ் வந்து சேர இந்தத் தண்டவாளத்தை விட்டால் அன்று வேறு நல்ல வழி இல்லை. 1914-இல் பண்டிதர் மறைந்த பிறகு அவருடைய எழுத்தைக் காப்பாற்றியது எது? பல்கலைக்கழகமா, ஆதீனமா? தங்கவயல்தான். ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 1926-இல் 'தமிழன்' மீண்டும் வந்தது கோலார் தங்கவயலிலிருந்து. பண்டிதரின் நூல்களை மறுபடி மறுபடி அச்சிட்டது அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை. சுரங்கக் கூலியில் மிச்சம் பிடித்த காசில் அச்சான புத்தகங்கள் அவை. இன்று அயோத்திதாசரைப் பற்றி ஆய்வேடு எழுதும் ஒவ்வொரு மாணவரும் அந்தக் கூலிக்காரர்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்.

சங்கப் போராட்டமும் அப்படித்தான் வளர்ந்தது. தொழிலாளர்களின் விரல்ரேகையைப் பதிவு செய்யும் நிர்வாகத்தின் திட்டத்தை எதிர்த்து 1930-இல் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946 நவம்பர் 4 அன்று உயிரிழந்த ஆறு தொழிலாளர்களுக்குத் தங்கவயலில் இன்றும் வீரவணக்கம் செலுத்துகிறார்கள். சட்டமன்றத்துக்கு இந்தியக் குடியரசுக் கட்சிக்காரரை அனுப்பிய ஊர் அது.

இது எப்படி முடிந்தது? எல்லோரும் ஒரே இடத்தில் வேலை செய்து, ஒரே லைனில் தூங்கி, ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தார்கள். காலையில் ஒரு லைனில் பேசிய பேச்சு மாலைக்குள் அத்தனை ஷாஃப்டுக்கும் போய்விடும். இந்த உண்மைக்குத் திரும்பி வருவேன்.

திசை மாறிய ரயில்

1956-இல் மைசூர் மாநில அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-இல் அவை மத்திய அரசிடம் போயின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனமாயின. 2001 பிப்ரவரி 28 அன்று மூடல். தலைமுறை தலைமுறையாகத் தோண்டியவர்களின் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் ஊரில் வேலை இல்லை. 1964-இல் தொடங்கிய பெமல் நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்று பக்கத்தில் இருக்கிறது. ஓர் ஊரையே தாங்க அது போதாது.

அன்றிலிருந்து ரயில்தான் முதலாளியைக் காட்டியது. காலையில் சுரங்கத்துக்கு நடந்தவர்களின் பிள்ளைகள் இப்போது காலையில் ஸ்டேஷனுக்கு நடக்கிறார்கள். மாரிக்குப்பத்தில் ஏறி, சாம்பியன், உரிகம், கோரமண்டல் வழியாகப் பங்காரப்பேட்டை, பிறகு மெயின் லைனில் மாலூர், வொயிட்ஃபீல்டு, கிருஷ்ணராஜபுரம், கண்டோன்மெண்ட், பெங்களூரு சிட்டி. பங்காரப்பேட்டையிலிருந்து பெங்களூருவே சுமார் 70 கிலோமீட்டர். வொயிட்ஃபீல்டில் இறங்கும் கூட்டத்தில் பலர் ஐ.டி. பார்க்குகளில் துப்புரவு வேலைக்கும் காவல் வேலைக்கும் போகிறார்கள். கார்மென்ட்ஸ், கட்டட வேலை, கடை வேலை, ஆஸ்பத்திரி வேலை. படித்தவர்கள் கணினி முன்னால் உட்காரும் வேலைக்கும் போகிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பெரும்பாலான வேலைகளுக்கு நடுவில் ஒரு கான்ட்ராக்டர் இருக்கிறார்.

ஒரு கணக்குப் போடுவோம். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடை, காத்திருப்பு, ரயில், இறங்கி மறுபடி பஸ். போகவர ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 300 வேலை நாள் என்றால் 1,500 மணி நேரம். எட்டு மணி நேரம் ஒரு ஷிஃப்டு என்றால், 187 ஷிஃப்டுகளுக்கு மேல். அதாவது தங்கவயல்காரர் வருடத்தில் ஆறு மாதத்துக்கும் அதிகமான ஷிஃப்டுகளைக் கூலியில்லாமல் ரயிலிலும் ரோட்டிலும் வேலை செய்கிறார். இதற்கு ஓவர்டைம் கிடையாது, பி.எஃப். கிடையாது. ரயில் தாமதமானால் அரை நாள் சம்பளம் பிடிக்கப்படும்.

அந்தப் பாதை இயங்கும் விதம் இந்தச் சுமையைக் கூட்டுகிறது. கிளைப் பாதை ஒற்றைத் தடம். எதிரெதிராக இரண்டு வண்டி ஓட முடியாது. ஒன்று போய்ச் சேர்ந்தால்தான் இன்னொன்று கிளம்பும். மெயின் லைனுக்கு வந்த பிறகு எக்ஸ்பிரஸும் சரக்கு வண்டியும் நெருக்கும். இதுபோன்ற இடங்களில் யார் வழிவிட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பாசஞ்சர் ஓரமாக நிற்கும். சமூகத்தில் யார் யாருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற பழைய விதி சிக்னல் விளக்கிலும் எரிகிறது என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

பெண்களுக்கு இந்தப் பயணத்தின் விலை இன்னும் அதிகம். நாலரை மணி ரயிலைப் பிடிக்க வேண்டிய ஒருவர் சமைத்து வைத்துவிட்டுக் கிளம்ப மூன்று மணிக்கு எழ வேண்டும். இரவு திரும்பி வந்து மறுபடி அடுப்படி. ஆறு மணி நேரத் தூக்கம் என்பதே பெரிய பேச்சு. நான் லைன்களில் பேசிய ஒரு கார்மென்ட்ஸ் தொழிலாளி இதை இப்படிச் சொன்னார்: "எங்க மாமனார் பூமிக்குள்ள போய்ட்டு வருவார், ஆனா பிள்ளைங்க முழிச்சிருக்கும்போது வீட்டுல இருப்பார். நான் பூமிக்கு மேலதான் போறேன், பிள்ளைங்க முகத்த ஞாயித்துக்கிழமைதான் பார்க்கிறேன்."

'ரயில் இருக்கே' என்ற பதில்

இதற்கு இரண்டு பக்கமிருந்தும் மறுப்பு வரும். இரண்டையும் நேர்மையாகப் பார்ப்போம்.

முதல் மறுப்பு நம் ஆட்களிடமிருந்தே வரும். அம்பேத்கர் கிராமத்தை விட்டு வெளியேறு, நகரத்துக்குப் போ என்றுதானே சொன்னார்? ரயில் நம்மை நகரத்துக்குக் கொண்டுபோகிறது, இதில் என்ன குறை? பாபாசாகேப் கிராமத்தை எதிர்த்ததற்குக் காரணம் அங்கே சாதி நிலத்திலும் தெருவிலும் கெட்டிப்பட்டிருந்தது. தங்கவயல் கிராமம் இல்லை. நம் பாட்டன்மார் கிராமத்தை விட்டு ஒருமுறை வெளியேறிவிட்டார்கள். வெளியேறி, தங்கள் கையால் ஒரு நகரத்தைக் கட்டினார்கள். பள்ளி, விகாரை, அச்சகம், கால்பந்து மைதானம் எல்லாம் அங்கே உண்டு. அந்த நகரத்தைச் சாகவிட்டுவிட்டு, அதன் மக்களை இன்னொரு நகரத்தின் குப்பையை அள்ள தினமும் கூப்பிடுவதற்கு இடப்பெயர்வு விடுதலை என்று பெயர் வைக்க முடியாது. நகரத்தில் வாழ்வது வேறு. நகரத்துக்கு உழைத்துக் கொடுத்துவிட்டு, அங்கே வாடகை கொடுக்க முடியாமல் இரவில் வெளியேற்றப்படுவது வேறு. பெங்களூரு தங்கவயலின் கைகளை வாங்கிக்கொள்கிறது, தலைசாய்க்க இடம் கொடுப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு அதிகார வட்டாரத்திலிருந்து வரும். தங்கவயலின் மக்கள் உழைப்பாளிகள், எதையும் தாங்குவார்கள், தினமும் பயணம் செய்து குடும்பத்தை முன்னேற்றுகிறார்கள் என்ற பாராட்டு. நண்பர்களே, இந்தப் பாராட்டைக் கேட்டால் உஷாராகுங்கள். தலித்துகளின் தாங்கும் சக்தியைப் புகழ்கிறவர் பெரும்பாலும் அவர்கள் முதுகில் இன்னும் கொஞ்சம் ஏற்றத்தான் வருகிறார்.

இந்த ரயில் மோசம், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் தங்கவயல் என்றோ காலியாகியிருக்கும். சீசன் டிக்கெட்டின் விலையில் 80, 90 கிலோமீட்டர் போய்வர பஸ்ஸில் முடியாது. ரயில் வேண்டும், இன்னும் நல்ல ரயில் வேண்டும். அதோடு ரயில் ஏறத் தேவையில்லாத வாழ்க்கையும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

நீளப்போகும் பாதை, கிளறப்போகும் மேடுகள்

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், இரண்டு மாற்றங்கள் வந்துகொண்டிருக்கின்றன.

ஒன்று, மாரிக்குப்பத்தோடு முடியும் தண்டவாளத்தை ஆந்திராவின் குப்பம் வரை நீட்டும் திட்டம். 2011-12 பட்ஜெட்டில் அனுமதி பெற்றது. நீளம் 24 கிலோமீட்டர்கூட இல்லை. ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. 1894-இல் கம்பெனிக்காகப் பாய்ந்த அந்த வேகத்தை இங்கே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். குப்பம் ஏற்கெனவே சென்னை - பெங்களூரு பாதையில் இருக்கிறது. இணைப்பு வந்தால் கிளைப் பாதை ஊடுவழிப் பாதையாக மாறும். தங்கவயல்காரர் பங்காரப்பேட்டையைச் சுற்றாமல் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் போகலாம். உறவுகள் பிரிந்து கிடக்கும் இரண்டு மாநிலத்துச் சேரிகளுக்கு இது நல்ல செய்திதான். ஆனால் அதே ஒற்றைத் தடத்தில் நீண்டதூர வண்டிகளும் சரக்கு வண்டிகளும் புகுந்தால், விடியற்காலை வண்டிகளின் கதி என்ன? எங்கே வண்டிகள் ஒன்றையொன்று தாண்டும், எந்த வண்டிக்கு முன்னுரிமை என்பதெல்லாம் திட்டம் வரையும்போதே முடிவாகும் விஷயங்கள். அப்போது பேசாவிட்டால் பிறகு பேசிப் பயன் இல்லை.

இரண்டு, சயனைடு மேடுகள். தாதுவை அரைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண் 13 மேடுகளாக, மூன்று கோடி டன்னுக்கு மேல் ஊருக்குள் நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசி விழுவது லைன் வீடுகளில்தான். அந்த மண்ணில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க ஏலம் விடும் மத்திய அரசின் முடிவுக்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை சம்மதம் தெரிவித்தது. தங்கத்துக்குத் தண்டவாளம் வேண்டும் என்றால் உடனே வரும் என்பதை 1894 நமக்குக் காட்டியிருக்கிறது. இம்முறை அந்த வேலை யாருக்கு? கான்ட்ராக்டர் வழியாக வெளியூர்க்காரர்களுக்கா, மேட்டின் தூசியை இருபது ஆண்டுகளுக்கு மேல் சுவாசித்த குடும்பங்களுக்கா?

இதற்கிடையில், பெங்களூரு புறநகர் ரயில் திட்டம் 148 கிலோமீட்டருக்கு நான்கு வழித்தடங்களோடு 2020-இல் அனுமதி பெற்று நடந்துவருகிறது. கிழக்கே அதன் பாதை வொயிட்ஃபீல்டோடு நின்றுவிடுகிறது. பெங்களூரின் அலுவலகங்களைத் தினமும் கூட்டித் துடைக்கிறவர்கள் வரும் ஊர் 'புறநகர்' என்ற சொல்லுக்குள் வரவில்லை. புறநகர் என்பது எங்கே முடிகிறது என்று கோடு போடுவது பொறியாளர் வேலை மட்டும் இல்லை. அது அரசியல்.

பெட்டியே சங்கக் கூடம்

முன்பு சொன்னதற்குத் திரும்புகிறேன். 1930-இல் போராட முடிந்ததற்குக் காரணம் தொழிலாளர்கள் ஒரே இடத்தில் இருந்தார்கள் என்பது. இன்று அவர்கள் நூற்றுக்கணக்கான வேலையிடங்களில் சிதறிக் கிடக்கிறார்கள். ஒரு கட்டடத்தில் நாலு பேர், இன்னொரு கம்பெனியில் பத்துப் பேர். எந்த வாசலில் நின்றாலும் சங்கம் வைக்க ஆள் போதாது. கான்ட்ராக்ட் முறையின் வெற்றியே அதுதான்.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் அத்தனை பேரும் இன்னும் ஒன்றாக இருக்கிறார்கள். தினமும் இரண்டு வேளை, மணிக்கணக்கில். அந்த ரயில் பெட்டி. அங்கே சீட்டுக் கட்டு ஓடுகிறது, பஜனை நடக்கிறது, சீட்டுப் பணம் வசூலாகிறது, கல்யாணம் பேசி முடிக்கப்படுகிறது. சங்கம் மட்டும் இல்லை. பயணிகள் சங்கம் என்ற பெயரில் எங்கே எது இருந்தாலும், பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள்தான் பேசுவார்கள். அவர்கள் கோரிக்கையும் நியாயமானதே. ஆனால் இரவு ஷிஃப்டு முடிந்து வரும் காவலாளிக்கும், ஏழு மணிக்குள் கைரேகை வைக்காவிட்டால் கூலி போகும் துப்புரவுப் பெண்ணுக்கும் தேவை வேறு. நூறாண்டுக்கு முன் விரல்ரேகை கொடுக்க மாட்டோம் என்று நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தினமும் இரண்டு முறை விரலை வைக்கிறார்கள் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இளைஞர்களுக்கும் மாணவர்களுக்கும் சில வேலைகளைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கெடுங்கள். சமூகவியல், சமூகப் பணி படிக்கிறவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிறீர்கள். ஒரு மாதம் இந்த ரயிலில் போய்வாருங்கள். என்ன வேலை, எத்தனை மணிக்கு எழுகிறார், கூலி எவ்வளவு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா, பிடித்ததைக் கட்டுகிறார்களா, ரயில் தாமதத்தால் மாதம் எவ்வளவு போகிறது? பெட்டி பெட்டியாக எழுதுங்கள். எழுதியதைக் கன்னடத்திலும் தமிழிலும் அந்த மக்களிடமே திருப்பிக் கொடுங்கள். கல்லூரி நூலகத்தில் மட்டும் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

அடுத்து, கோரிக்கையை ரயிலோடு நிறுத்தாதீர்கள். தங்கவயல் பாதையைப் பெங்களூரு புறநகர் ரயில் பகுதியாக அறிவிக்க வேண்டும். ஷிஃப்டு நேரத்துக்கு ஏற்ற முதல் வண்டியும் கடைசி வண்டியும் வேண்டும். அத்தனை கிளை நிலையங்களிலும் விளக்கும் கழிப்பறையும் பெண்களுக்குப் பாதுகாப்பும் வேண்டும். இவற்றோடு சேர்த்தே, லைன் வீடுகளில் வாழும் குடும்பங்களுக்கு மனைப் பட்டா, சுரங்க நிறுவனத்தின் பெயரில் முடங்கிக் கிடக்கும் பல்லாயிரம் ஏக்கரில் உள்ளூர் வேலைவாய்ப்பு, மேடுகளில் வேலை தொடங்கினால் முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுக்கு முதல் உரிமை, சிலிகோசிஸ் நோயாளிகளுக்கு மருத்துவம் என்று கேளுங்கள். ஒரே மனுவில் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் ரயிலை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதுதான் நடக்கிறது.

மூன்றாவது, தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு. தங்கவயல் கர்நாடகப் பிரச்சினை என்று ஒதுக்காதீர்கள். திராவிட இயக்கத்தின் வரலாற்றையும் தலித் இயக்கத்தின் வரலாற்றையும் பேசும் மேடைகளில் தங்கவயல் மக்களின் பங்கைப் பெருமையோடு சொல்கிறோம். அதே மக்களின் இன்றைய கூலியைப் பற்றிப் பேச வாய் வருவதில்லை. மொழி அரசியலுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட அவர்களுக்கு அங்கே தமிழர் என்ற அடையாளம் ஒரு சுமை, இங்கே கன்னட நாட்டுக்காரர் என்ற பெயர் இன்னொரு சுமை. மொழி எல்லை கட்டினவர்கள் கட்டட்டும். சேரிக்கும் லைனுக்கும் நடுவே எல்லை கிடையாது. கன்னட தலித் அமைப்புகளோடு சேர்ந்து நின்றால்தான் இந்தக் கோரிக்கைகளுக்குப் பலம் வரும்.

1894-இல் அந்தத் தண்டவாளத்தைப் போட்டபோது நம்மிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. ஆனாலும் நம் முன்னோர் அதில் ஏறி, கம்பெனி கனவிலும் நினைக்காத சரக்குகளை ஏற்றினார்கள். பௌத்தம் வந்தது, இதழ் வந்தது, சங்கம் வந்தது. இப்போது அது குப்பம் வரை நீளப்போகிறது. இம்முறை நம்மைக் கேட்காமல் போட விடக் கூடாது.

ஜெய் பீம்.